காது சொல்வதும் ஏடு சொல்வதும்

சேலம் ஐந்து ரோட்டை ஒட்டி, சாரதா கல்லூரிச் சாலை, பிருந்தாவன் சாலை, அத்வைத ஆசிரமச் சாலை என்று பரந்து கிடக்கும் ஃபேர்லேண்ட்ஸின் பெயரில் 'லேண்ட்' யாரையும் குழப்பாது. 'ஃபேர்' குழப்பும். அழகு, நேர்மை, வெளிர்நிறம் ஆகியவற்றைக் குறிக்கும் 'ஃபேர்' பழைய ஆங்கிலத்திலேயே இருந்த ஜெர்மானியச் சொல். பொருட்காட்சியைக் குறிக்கும் 'ஃபேர்' வேறு. லத்தீனில் விழா நாளைக் குறித்த 'ஃபேரியா' பிரெஞ்சு வழியாக இங்கிலாந்து போய் அப்படி ஆனது. பஸ் கண்டக்டரிடம் கொடுக்கும் 'ஃபேர்' மூன்றாவது. பயணம் போவதைக் குறித்த 'ஃபாரன்' என்ற பழைய வினையிலிருந்து பிறந்து, பிறகு பயணக் கூலிக்கு ஆகிவந்தது. காதுக்கு மூன்றும் ஒன்று. பிறப்பால் மூன்றும் ஒன்றையொன்று அறியாதவை. ஃபேர்ஃபீல்ட், ஃபேர்வியூ என்று ஆங்கிலேயர் வைத்த பெயர்களில் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பது முதலாவது 'ஃபேர்'.

சேலம் என்ற பெயருக்கே கடல் கடந்து ஓர் இரட்டை உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், 1692இல் சூனியக்காரிகள் என்று குற்றம்சாட்டி மனிதர்களைத் தூக்கிலிட்டதால் பேர்கெட்டுப்போன ஊரும் 'சேலம்'தான். நௌம்கீக் என்று அங்குள்ள பழங்குடிகள் அழைத்த இடத்துக்கு 1629இல் அந்தப் பெயர் வந்தது. விவிலியத்தின் ஆதியாகமத்தில் மெல்கிசேதேக் அரசாண்ட சாலேமை நினைத்து வைத்தார்கள். அமைதியைக் குறிக்கும் எபிரேயச் சொல்லோடு உறவுடையது அது. நம் சேலத்துக்கோ மலையைக் குறிக்கும் 'சைலம்', சேரரோடு சேர்த்துச் சொல்லும் 'சேரலம்' என்று விளக்கங்கள் உண்டு. இரண்டில் எதை ஏற்றாலும் எபிரேயத்துக்கு அங்கே வேலையில்லை. ஆங்கில எழுத்தில் இரண்டு ஊர்களும் அச்சு அசலாக ஒன்றாக இருப்பது தற்செயல்.

இப்படிப்பட்ட தற்செயல்கள் மொழிகளுக்கிடையே நாம் நினைப்பதைவிட அதிகம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் வழங்கிய ம்பபரம் மொழியை ஆர். எம். டபிள்யூ. டிக்சன் என்ற மொழியியலாளர் பதிவு செய்தபோது, நாய்க்கு என்ன சொல் என்று கேட்டிருக்கிறார். வந்த பதில் 'டாக்'. ஆங்கிலத்தில் கடன் வாங்கியது என்றுதான் யாரும் முடிவு கட்டுவார்கள். டிக்சன் அக்கம்பக்கத்து மொழிகளைப் பார்த்தார். அவற்றில் நாய்க்கு 'குடகா', 'குடா' என்பது போன்ற சொற்கள் இருந்தன. ம்பபரத்தில் சொல்லின் தலைப்பகுதி தேய்ந்து உதிர்வது வழக்கம். அந்த விதிப்படியே 'குடகா' தேய்ந்து 'டாக்' ஆகியிருந்தது. ஆங்கில 'டாக்'குக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

இந்தக் கதை தமிழ் வாசகருக்கு ஏன் முக்கியம் என்றால், ஒலியொப்புமையை வைத்து ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் வேர் காட்டுவது நம்மிடம் நெடுங்காலமாக ஒரு பெருவிருப்பம். அந்த விருப்பத்தின் மிகப் பெரிய அறிஞர் சேலத்தில்தான் பன்னிரண்டு ஆண்டுகள் பாடம் நடத்தினார். ஞா. தேவநேயப் பாவாணர் 1944 முதல் 1956 வரை சேலம் நகராண்மைக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியர். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போனார். 1966இல் தமிழை உலகின் முதன்மைச் செம்மொழியாக நிறுவ முயலும் நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1974இல் தமிழக அரசு தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்துக்கு முதல் இயக்குநரானார். 1981இல் மறைந்தார்.

பாவாணரைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். ஒரு சாரார் அவர் சொன்ன ஒவ்வொன்றையும் மறைபோல ஏற்கிறார்கள். இன்னொரு சாரார் மொத்தமாகக் கைகழுவி விடுகிறார்கள். இரண்டும் அவருக்குச் செய்யும் அநியாயம். தமிழுக்குள்ளேயே ஒரு வேரிலிருந்து சொற்கள் கிளைக்கும் விதத்தை அவர் காட்டிய இடங்களிலும், ஊர்ப்புறத்துச் சொற்களை அகராதிக்குக் கொண்டுவந்த உழைப்பிலும் அவருக்கு இணை சொல்ல ஆள் குறைவு. ஆனால் அவர் தமிழ் எல்லையைத் தாண்டி ஐரோப்பிய மொழிகளுக்குள் நுழையும்போது துணைக்கு வருவது பெரும்பாலும் ஒலியும் பொருளும் மட்டுமே. அந்த இடத்தில் மொழியியல் அவரைப் பின்தொடரவில்லை.

ஏன் பின்தொடரவில்லை என்பதை ஓர் எண்ணை வைத்துப் பார்க்கலாம். 'எய்ட்' தமிழ் 'எட்டு'தான் என்று மேடைகளில் அடிக்கடி சொல்லக் கேட்கிறோம். இன்றைய உச்சரிப்பில் இரண்டும் நெருக்கமாகவே இருக்கின்றன. ஆயிரம் ஆண்டு பின்னே போனால் ஆங்கிலச் சொல் 'ஆஹ்டா' என்பது போல ஒலித்தது. இன்றும் அதன் எழுத்துக்கூட்டலில் ஊமையாக நிற்கும் 'ஜி', 'எச்' அந்தப் பழைய ஒலியின் மிச்சம். ஜெர்மனில் 'ஆக்ட்', லத்தீனில் 'ஆக்டோ', வடமொழியில் 'அஷ்ட'. ஆங்கிலம் பின்னே போகப் போக நடுவில் ஒரு ககர ஒலி தெளிவாகிறது. தமிழை அதே போலப் பின்னே கொண்டுபோனால்? எண்பது, எண்ணூறு, எண்திசை. கன்னடத்தில் 'எண்டு', தெலுங்கில் 'எனிமிதி'. எட்டுக்கு உள்ளே இருப்பது 'எண்'. அங்கே நடுவில் நிற்பது மூக்கொலி. உறவுடைய சொற்கள் என்றால் காலத்தில் பின்னே போகப்போக நெருங்கிவர வேண்டும். இவை விலகுகின்றன. இன்று சந்தித்துக்கொண்ட இரண்டு வழிப்போக்கர்கள், அவ்வளவுதான்.

காதை நம்பவே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. 'ஜிஞ்சர்' என்ற சொல்லில் இஞ்சி கேட்கிறதே என்று நினைத்தவர்கள் தவறவில்லை. பிரெஞ்சு, லத்தீன் 'சிஞ்ஜிபர்', கிரேக்க 'சிங்கிபெரிஸ்', பாலி 'சிங்கிவேர' என்று அந்தச் சொல்லைப் படிப்படியாகப் பின்தொடர்ந்தால் இஞ்சியும் வேரும் சேர்ந்த திராவிடச் சொல்லில் போய் முடிகிறது. வடமொழியில் 'சிருங்கவேர' என்று கொம்பு வடிவத்தோடு இணைத்துப் பொருள் சொன்னது பின்னால் ஒட்டவைத்த விளக்கம் என்பதே அறிஞர் பலரின் கருத்து. ஆலன் ராஸ் என்ற ஆங்கில மொழியியலாளர் 1952இல் இந்த ஒற்றைச் சொல்லுக்கென்றே ஒரு நூல் எழுதினார். ஒவ்வொரு படிக்கும் சான்று, ஒவ்வொரு படிக்கும் காலம், சரக்கு போன கடல்வழி, எல்லாம் ஒத்துப்போகின்றன. எய்ட்டுக்கு இல்லாதது இஞ்சிக்கு இருக்கிறது.

கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் ஆகியவை ஆங்கிலத்துக்குப் போன கதையைப் பள்ளி வினாடிவினா நடத்துகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். சேலம், நாமக்கல் சமவெளிக்காரருக்கு அவற்றைவிட நெருக்கமான சொற்கள் காலுக்கடியில் கிடக்கின்றன.

முதலில் குருந்தக்கல். ஆங்கிலத்தில் 'கொரண்டம்'. சிவப்பாக இருந்தால் மாணிக்கம், நீலமாக இருந்தால் நீலமணி; நிறம் மங்கிய சாதாரணக் கல்லாக இருந்தால் பொடித்து அரக்கில் குழைத்துச் சாணைச் சக்கரம் ஆக்குவார்கள். வைரத்துக்கு அடுத்த கடினம் இதற்குத்தான். கனிமவியலின் மோஸ் அளவுகோலில் 9. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரை இரத்தினக் கடைவீதியில் மாணிக்க வகை நான்கைச் சொல்லும்போது 'விந்தம்' என்று ஒன்றைச் சொல்கிறது; குருவிந்தம் என்பதன் சுருக்கம் அது. குருந்தம், குருவிந்தம் என்ற இந்த வடிவங்கள்தான் ஐரோப்பியக் காதுகளில் விழுந்தன.

18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜான் உட்வர்ட் என்ற ஆங்கில இயற்கை அறிஞர் தம்மிடம் சேர்ந்த அயல்நாட்டுக் கற்களுக்குப் பட்டியல் போட்டார். அதில் சென்னைப் பக்கத்துக் கல்லாக 'நெல்ல கொரிவிண்டம்', 'தெல்ல கொரிவிண்டம்' என்று இரண்டு வருகின்றன. முதலாவது நெல் விளையும் வயலில் எலிகள் தோண்டித் தள்ளும் மண்ணில் கிடைப்பது என்றும், இரும்பைத் தேய்த்து மெருகூட்டப் பயன்படுவது என்றும் குறிப்பு இருக்கிறது. தமிழ்க்காதுக்கு 'நெல்ல' என்றால் நெல் வயல் நினைவுக்கு வரும். வயலும் கூடவே வருவதால் நம்பத் தோன்றும். இணையாக நிற்கும் சொல்லைப் பார்த்தால் விஷயம் தெளிகிறது. 'தெல்ல' தெலுங்கில் வெள்ளை. அப்படியானால் இன்னொன்று தெலுங்கு 'நல்ல', அதாவது கறுப்பு. கறுங்குருந்தம், வெண்குருந்தம். நல்லவேளை, பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்து இருந்தன. ஒன்று மட்டும் தப்பியிருந்தால் இன்றைக்கு யாராவது அதற்கு நெற்கதிர் விளக்கம் எழுதியிருப்பார்கள்.

1798இல் சார்லஸ் கிரெவில் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் ஆசியாவின் குருந்தக்கல் பற்றி விரிவாக எழுதியபின் 'கொரண்டம்' என்ற பெயர் அறிவியலில் நிலைத்தது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் குருந்தம் பொதிந்திருக்கும் வெளிர்நிறப் பாறைக்கு அனார்த்தோசைட் என்று பெயர். நிலவின் மேட்டுநிலங்களில் இருக்கும் பாறையும் இதே வகை. அதனால்தான் சந்திரயான் 2 திட்டத்துக்காக இஸ்ரோ, சித்தம்பூண்டிப் பக்கத்துப் பாறையை அரைத்து நிலவு மண்ணுக்கு மாதிரி செய்தது.

குருந்தம் நேர்வழியில் போன சொல். கோணல் வழியில் போனதற்கும் இந்த வட்டாரம் உதாரணம் தருகிறது. கஞ்சமலை இரும்பிலிருந்து சேலத்துக் கொல்லர்கள் செய்த உருக்கை ஐரோப்பா 'வூட்ஸ்' என்ற பெயரில் அறிந்தது. மூசையில் இரும்பையும் ஆவாரங்கட்டையையும் வைத்து, எருக்கிலையால் மூடி, களிமண் பூசி, உலையில் உருக்கும் முறையைச் சேலத்தில் பார்த்து எழுதியவர் ஜோசையா மார்ஷல் ஹீத். அவருக்கு முன்பே 1790களில் பம்பாயிலிருந்த டாக்டர் ஹெலனஸ் ஸ்காட், இந்திய உருக்குக் கட்டிகளை ராயல் சொசைட்டித் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு அனுப்பினார். 1795இல் ஜார்ஜ் பியர்சன் அவற்றைச் சோதித்து எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே 'வூட்ஸ்' இருக்கிறது. பிறகு மைக்கேல் ஃபாரடே உட்படப் பலரும் அதைக் கையாண்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இந்தியாவில் எந்த மொழியிலும் அப்படி ஒரு சொல் வழக்கில் இல்லை. கன்னடத்திலும் தெலுங்கிலும் உருக்குக்கு 'உக்கு'. விசாகப்பட்டினத்து உருக்காலையை இன்றும் 'விசாக உக்கு' என்கிறார்கள். தமிழில் உருக்கு. கன்னட உச்சரிப்பை ஆங்கிலத்தில் 'வூக்' என்று யாரோ எழுத, கடைசி எழுத்தை இன்னொருவர் தவறாகப் படித்து 'வூட்ஸ்' ஆக்கிவிட்டார் என்பதே 1886இல் ஹென்றி யூலும் ஆர்தர் பர்னெலும் தொகுத்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியின் ஊகம். பெரிய ஆங்கில அகராதிகளும் அதையே ஒட்டிச் செல்கின்றன. உலகப் புகழ்பெற்ற ஓர் உருக்கின் பெயர் கையெழுத்துப் பிழை! இன்று உலோகவியல் மாணவர்கள் அந்தப் பிழையைத்தான் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுகிறார்கள். இனித் திருத்த முடியாது, திருத்தவும் வேண்டியதில்லை.

சேலத்து ரயில் நிலையங்களில் ஒன்றுக்கு மேக்னசைட் ஜங்ஷன் என்று பெயர். ஏற்காடு அடிவாரத்தை ஒட்டி வெள்ளை வெளேரென்று கிடக்கும் குன்றுகளை ஆங்கிலேயர் 'சாக் ஹில்ஸ்' என்றார்கள். பெயர் தவறு: சாக் கால்சியம் கார்பனேட், இங்கே இருப்பது மெக்னீசியம் கார்பனேட், அதாவது மேக்னசைட். பக்கத்து ஊர்க்காரர்கள் எந்த வேதியியலுக்கும் கட்டுப்படாமல் வெள்ளைக்கல் என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளக்கல்பட்டி என்று ஊரே இருக்கிறது. நகரின் மறுபக்கம் கஞ்சமலையில் இருப்பது மேக்னடைட் என்ற இரும்புத்தாது. மேக்னசைட், மேக்னடைட். ஆங்கிலத்தில் ஓரெழுத்து வேறுபாடு. இவற்றோடு மேக்னட், மெக்னீசியம், மாங்கனீசு ஆகியவற்றையும் சேர்த்தால் பத்தாம் வகுப்பு மாணவர் தலை சுற்றுவது நியாயம்தான்.

இங்கே காது சொல்வது சரி. ஐந்தும் ஒரே குடும்பம். கிரேக்கர்கள் மக்னீசியா என்ற நிலப்பகுதியின் பெயரால் காந்தக்கல்லை அழைத்தார்கள். அதிலிருந்து மேக்னட், அதிலிருந்து மேக்னடைட். இடைக்காலத்து ரசவாதிகளும் மருந்துக்காரர்களும் 'மக்னீசியா' என்ற பெயரைக் கண்ட கண்ட பொடிகளுக்கெல்லாம் வைத்தார்கள். கறுப்புப் பொடி கறுப்பு மக்னீசியா, வெள்ளைப் பொடி வெள்ளை மக்னீசியா. கறுப்பின் பெயர் இத்தாலிய வாயில் திரிந்து மாங்கனீசு ஆனது. வெள்ளையிலிருந்து 1808இல் ஹம்ப்ரி டேவி புதிய உலோகத்தைப் பிரித்தபோது, மெக்னீசியம் என்ற பெயர் அதற்கு முன்பே மாங்கனீசு உலோகத்துக்கும் வழங்கி வந்ததால், குழப்பம் வேண்டாமென்று 'மேக்னியம்' என்று பெயரிட்டார். உலகம் கேட்கவில்லை.

மாங்கனீசுக்கும் சேலத்துக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. மேலே சொன்ன ஹீத் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பணியிலிருந்தவர். 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். தாது சேலத்திலிருந்து போனது. தொழில் தேறவில்லை. இங்கிலாந்து திரும்பி, 1839இல் உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு ஆலைகள் அந்த முறையை எடுத்துக்கொண்டன. அவருக்குக் கிடைத்தது வழக்கும் கடனும். 1851இல் இறந்தார். சேலத்து மேக்னசைட்டோ பிற்காலத்தில் உருக்கு உலைகளின் உட்சுவரில் பதிக்கும் தீச்செங்கல்லாயிற்று.

கனிமங்களை விட்டுக் கடைவீதிக்கு வந்தால் முதலில் எதிர்ப்படுவது காசு. 'கேஷ்' நம் காசுதான் என்பது பலருடைய உறுதியான நம்பிக்கை. பாதி சரி. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு 'கேஷ்' உண்டு. கடையில் "கேஷா, கார்டா?" என்று கேட்கிறார்களே, அந்த 'கேஷ்' லத்தீனில் பெட்டியைக் குறித்த 'காப்சா'விலிருந்து இத்தாலி, பிரான்ஸ் வழியாக வந்தது, முதலில் பணப்பெட்டிக்குப் பெயர், பிறகு பெட்டிக்குள் இருந்ததற்கு. இன்னொரு 'கேஷ்' சில்லறை நாணயம். தமிழ்க் காசைப் போர்த்துகீசியர் தங்கள் மொழியில் பெட்டியைக் குறிக்கும் 'காய்ஷா' போலவே உச்சரித்தார்கள். ஆங்கிலேயர் அதை வாங்கித் தங்கள் 'கேஷ்' ஆக்கினார்கள். இரண்டு முறையும் தெரியாத சொல் தெரிந்த சொல்லின் சட்டையை மாட்டிக்கொண்டது. பிறகு சீனத்துச் செப்பு நாணயத்துக்கும் அதே பெயர் போனது.

சென்னைக் கம்பெனிக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். பர்மிங்ஹாமில் அச்சடித்த 10, 20 காசு நாணயங்களை ஏற்றி வந்த 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரக் குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980களில் மூழ்குவோர் அந்த நாணயங்களை அள்ளி வந்தார்கள். ஆங்கில எழுத்தில் 'கேஷ்' என்று பொறித்த அந்தச் செப்புக்காசுகள் நாணயம் சேகரிப்போரிடம் இன்றும் கைமாறுகின்றன. சொல்லுக்கு இதைவிடக் கெட்டியான சான்று கிடைக்காது.

'கரி' விஷயத்தில் குழப்பம் எதிர்த்திசையில். 1390 வாக்கில் இரண்டாம் ரிச்சர்டு மன்னரின் சமையற்காரர்கள் தொகுத்த நூலின் பெயரில் 'கியூரி' என்று ஒரு சொல் வருகிறது. அதைக் காட்டி, கறி இங்கிலாந்தின் சொந்தச் சொல் என்று வாதிடுவோர் உண்டு. அந்தக் 'கியூரி' சமைத்தலைக் குறிக்கும் பிரெஞ்சு 'குயிர்' வழி வந்தது. சமையற்கலை என்று பொருள். ஆங்கிலத்தில் முகத்துதி செய்வதைக் குறிக்கும் 'கரி ஃபேவர்' என்ற தொடரில் இருப்பது மூன்றாவது சொல்: குதிரைக்கு உடம்பு தேய்ப்பது. 14ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அங்கதக் காவியமொன்றில் எல்லோரும் விழுந்தடித்துத் தேய்த்துவிடும் 'ஃபோவெல்' என்ற குதிரையின் பெயர்தான் ஆங்கிலத்தில் 'ஃபேவர்' எனத் திரிந்தது. 1747இல் ஹானா கிளாஸ் தம் சமையல் நூலில் இந்திய முறையில் செய்யச் சொன்ன கரி மட்டுமே நம்முடையது. அந்தக் கறிக்கும் நிலையான பொருள் இல்லை: சங்க காலத்தில் மிளகு, பிறகு சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது, இன்றைக்குச் சேலத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் 'கறி எடுக்க' வரிசையில் நிற்பவருக்கு ஆட்டிறைச்சி.

எதிர்வழியும் உண்டு. சேர்வராயன் மலைப் பாறைக்கு அறிவியலில் சார்னகைட் என்று பெயர். கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னக்கின் கல்லறை அங்கே செயின்ட் ஜான் தேவாலயத்தில் இருக்கிறது; கல் போனது சென்னை பல்லாவரத்திலிருந்து. 1893இல் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தக் கல்லறைக் கல்லை வைத்துப் பாறைக்குப் பெயரிட்டார். ஏற்காட்டுப் பக்கமே வராத ஒரு வணிகரின் பெயரை ஏற்காட்டு மலை சுமக்கிறது.

ஒலியொப்புமைப் பட்டியல் ஒன்று அடுத்த முறை கைப்பேசிக்கு வந்தால், அனுப்புவதற்கு முன் இரண்டு நூல்களைப் பார்க்கலாம். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன் ஒன்று. டி. பர்ரோவும் எம். பி. எமனோவும் 1961இல் தொகுத்து 1984இல் விரிவாக்கிய திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இன்னொன்று. சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணைய நூலகத்தில் இரண்டையும் கட்டணமில்லாமல் தேடிப் பார்க்க முடியும்.